மூன்று நோயாளிகள், இரண்டு நாடுகள்: மருத்துவ அமைப்புகளை ஒப்பிட என் வழி

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் க்ளெய்ம் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். வெளிநாடு போன இடத்தில் நோயில் விழுந்தவர்களின் பில்கள்தான் என் மேசைக்கு வரும். சேர்ந்த இரண்டாம் வருடம் மேலிடத்திலிருந்து ஒரு வேலை வந்தது. அக்கம்பக்கத்து நாடுகளை ஜோடி ஜோடியாக எடுத்து, எங்கே அரசு மருத்துவம், எங்கே தனியார் மருத்துவம் என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டுத் தர வேண்டும். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். கனடா: அரசு. அமெரிக்கா: தனியார். ஜெர்மனி: அரசு. நெதர்லாந்து: தனியார். கட்டங்கள் நேராக இருந்தன, பார்க்க அழகாகவும் இருந்தது.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தாளை வாங்கிப் பார்த்தவர், "கனடாவுல டாக்டருக்கு சம்பளம் யார் குடுக்குறா?" என்று கேட்டார்.

"கவர்மெண்ட்தான்க்கா."

"எந்த பில்லுல பார்த்தே?"

எதிலும் பார்க்கவில்லை. கனடாவில் பெரும்பாலான மருத்துவர்கள் அரசு ஊழியர்களே இல்லை. சொந்தமாக கிளினிக் நடத்துகிறார்கள். பார்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் மாகாண அரசின் காப்பீட்டுக்கு பில் அனுப்பிப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். "சரி, அமெரிக்காவுல அறுபத்தஞ்சு வயசு தாண்டினவங்களுக்கு யார் கட்டுறா?" என்றார் அடுத்து. 1966-லிருந்து மெடிகேர் என்ற அரசுத் திட்டம் கட்டுகிறது. அக்கா பென்சிலை எடுத்து என் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்றும் யாராவது இரண்டு நாட்டு மருத்துவத்தை ஒப்பிடத் தொடங்கினால் எனக்கு அந்தக் கேள்விக்குறிகள்தான் நினைவுக்கு வரும்.

முதலில் அந்த இரண்டு சொற்களையும் உடைத்துவிடுங்கள்

‘அரசு’, ‘தனியார்’ என்ற சொற்களுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பணம் யாருடையது? கட்டடமும் மருத்துவரும் யாருடையவர்கள்? விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் ஒரு நாட்டில் ஒரே விடை கிடைத்தால் அது அபூர்வம். பிரிட்டனில் 1948-ல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை அதற்குக் கிட்டத்தில் வரும். பணம் வரியிலிருந்து வருகிறது, மருத்துவமனை அரசுடையது. ஆனால் அங்கேயும் குடும்ப மருத்துவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த அடிப்படையில் சொந்தமாக கிளினிக் நடத்துகிறவர்கள்தான்.

ஜப்பானையும் தென் கொரியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் மருத்துவமனைகளில் ஐந்தில் நான்கு தனியாருடையவை. கொரியாவில் அதைவிடவும் அதிகம். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்தால் இரண்டுமே தனியார் நாடுகள். ஆனால் மருத்துவமனையை லாபத்துக்காக நடத்த இரண்டு நாட்டுச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. ஜப்பானில் 1961-லும் கொரியாவில் 1989-லும் மக்கள் எல்லாரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். காப்பீட்டில் அடங்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு வகுத்த விலைதான். ஜப்பானில் அந்த விலைப்பட்டியலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். விலையைப் பார்த்து முடிவு செய்தால் இரண்டுமே அரசு நாடுகள்!

அதனால் வெள்ளைத் தாளில் அரசு, தனியார் என்று இரண்டு பத்தி போடாதீர்கள். நாட்டுக்கு ஒரு பத்தி போதும். இடப்பக்கம் பணம், கட்டடம், விலை என்று மூன்று வரி. கூடவே நான்காவதாக ஒரு வரி விட்டு வையுங்கள், அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்று ஆட்களைக் கற்பனை செய்யுங்கள்

ஒரு நாட்டின் அமைப்பு முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்ள யாராலும் முடியாது. ஒரு நோயாளியைப் பின்தொடர்ந்து போக யாராலும் முடியும். நான் எப்போதும் மூன்று பேரை அனுப்புவேன். சனிக்கிழமை இரவு வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர் ஒருவர். பத்து வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி ஒருவர். மூட்டுத் தேய்ந்து, மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் முதியவர் ஒருவர். முதல் ஆள் கதவு திறந்திருக்கிறதா என்று காட்டுவார். இரண்டாமவர் மாதாமாதம் எவ்வளவு கரைகிறது என்று காட்டுவார். மூன்றாமவர் வரிசை எவ்வளவு நீளம் என்று காட்டுவார்.

மணிக்கட்டுக்காரரை அயர்லாந்துத் தீவுக்கு அனுப்புவோம். அங்கே எல்லை என்பது பெரும்பாலும் வயல்களுக்கு நடுவே போகும் சாலைதான். வடக்கே பிரிட்டனின் சுகாதாரச் சேவை, தெற்கே அயர்லாந்துக் குடியரசு. வடக்கில் அவசரப் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், பில் என்பதே கிடையாது. தெற்கில் குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போனால் 100 யூரோ. கடிதம் இருந்தால் அந்தக் கட்டணம் இல்லை, ஆனால் கடிதம் தரும் குடும்ப மருத்துவருக்குக் காசு கட்ட வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவ அட்டை வைத்திருந்தால் இரண்டுமே இல்லை. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மருத்துவரைப் பார்ப்பதும் இலவசம். ஆக, தெற்கில் ‘எவ்வளவு ஆகும்’ என்ற கேள்விக்கு ஒரு விடை கிடையாது. ‘யாருக்கு’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். உங்கள் தாளில் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

இதை மட்டும் பார்த்து ‘வடக்கு தாராளம், தெற்கு கறார்’ என்று எழுதிவிடத் தோன்றும். அதே தீவுக்குச் சர்க்கரை நோயாளியை அனுப்பிப் பாருங்கள். வடக்கில் 2010-லிருந்து எந்த மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் இல்லை. தெற்கில் நீண்டகால நோய்களுக்கென்று ஒரு திட்டம் உண்டு. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. வருமானம் எவ்வளவானாலும் அந்த நோய்க்கான மருந்து இலவசம். மணிக்கட்டுக்கு எதிரெதிராக நின்ற இரண்டு நாடுகள் இன்சுலினுக்குத் தோளோடு தோள் நிற்கின்றன. ஒரே ஒரு நோயை வைத்து ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

சர்க்கரை நோயாளியை அடுத்து அமெரிக்க–கனடா எல்லைக்கு அனுப்புங்கள். இன்சுலினைக் கண்டுபிடித்ததே டொராண்டோவில்தான், 1921-ல். 1923-ல் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அதே இன்சுலினை வாங்க 2019-ல் அமெரிக்க நோயாளிகள் பஸ்ஸில் கூட்டமாக எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனார்கள். காரணம் விலை. காப்புரிமை பெற்ற மருந்துகளின் விலை மிகையாக இருக்கிறதா என்று பார்க்கக் கனடாவில் 1987-லிருந்து ஒரு வாரியம் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு பொதுவான கடிவாளம் இருக்கவில்லை.

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். ‘கனடாவில் மருத்துவம் இலவசம், எனவே இன்சுலினும் இலவசம்’ என்று எழுதிவிடுவார்கள். கனடாவின் 1984-ம் வருடத்துச் சுகாதாரச் சட்டம் மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும்தான் பொறுப்பேற்கிறது. மருத்துவமனைக்கு வெளியே கடையில் வாங்கும் மருந்து அதற்குள் வராது, பல்லும் வராது. மருந்துக்கு மாகாணத் திட்டம், வேலை பார்க்கும் இடத்தின் காப்பீடு, இல்லாவிட்டால் சொந்தப் பணம். சர்க்கரை நோய் மருந்துகளுக்கும் கருத்தடைக்கும் பொதுப்பணத்தில் வழி செய்யும் மத்தியச் சட்டம் 2024 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் ஒவ்வொரு மாகாணமும் ஒப்பந்தம் போட்டால்தான் நடைமுறைக்கு வரும். அமெரிக்காப் பக்கம் 2023-லிருந்து மெடிகேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வந்துவிட்டது. அப்படியென்றால் எழுபது வயது அமெரிக்கர், முப்பது வயது அமெரிக்கர், வேலைக் காப்பீடு இருக்கும் கனடியர், இல்லாத கனடியர் என்று உங்கள் இரண்டு பத்தி நான்காகப் பிரியும். பிரியட்டும், விடுங்கள். வசதிக்காக ஒட்டவைத்தால் தாளில் பொய் ஏறும்.

மூட்டு வலிக்காரரும் கடிகாரமும்

மூன்றாமவருக்குப் பணத்தைவிட நாள்தான் பிரச்சினை. காத்திருக்கும் காலத்தை ஒப்பிடுவதுதான் இந்த வேலையிலேயே அதிகம் ஏமாற்றும் பகுதி என்பேன். எண் கிடைப்பது சுலபம். அந்த எண்ணின் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதை யாரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் 18 வாரம் என்ற இலக்கு, குடும்ப மருத்துவர் அனுப்பிய பரிந்துரை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரை எண்ணப்படுகிறது. அதே நாட்டின் இன்னொரு பகுதியான வட அயர்லாந்தில் நிபுணரைப் பார்க்கக் காத்திருப்பது ஒரு கணக்கு, பரிசோதனைக்குக் காத்திருப்பது ஒரு கணக்கு, அறுவைக்குக் காத்திருப்பது இன்னொரு கணக்கு. கனடாவில் மூட்டு மாற்றுக்கு 26 வாரம் என்பது இலக்கு. அந்த எண்ணிக்கை, அறுவை செய்யலாம் என்று நிபுணர் முடிவு செய்த பிறகுதான் ஆரம்பிக்கும். நிபுணரைப் பார்க்கக் காத்திருந்த மாதங்கள் அதில் இல்லை. 18, 26 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு ‘எட்டு வாரம்தான் வித்தியாசம்’ என்றால் அதைவிடத் தவறான வாக்கியம் கிடையாது. என் தாளில் காத்திருப்பு எண்ணைத் தனியாக எழுதவே மாட்டேன். ‘எங்கிருந்து, எதுவரை’ என்று இரண்டு சொல் பக்கத்தில் சேர்ந்தால்தான் எழுதுவேன்.

அயர்லாந்துத் தீவின் மூட்டு வலிக்காரர்கள் செய்கிற காரியம் எனக்கு எப்போதும் வியப்பு. தெற்கிலிருப்பவர் வரிசை பொறுக்காமல் வடக்கே தனியார் மருத்துவமனைக்குப் போய் அறுவை செய்துகொண்டு, செலவைத் தன் நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பிடம் திரும்பப் பெறலாம். பிரெக்சிட்டுக்குப் பின் அதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். வடக்கிலோ பிரிட்டனிலேயே நீண்ட வரிசை. அதனால் வடக்கு அரசு 2021-ல் தன் நோயாளிகள் தெற்கே தனியாரிடம் போய் அறுவை செய்துகொள்ளப் பணம் திருப்பித் தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே சாலையில் எதிரெதிர்த் திசையில், ஒரே அறுவைக்காக, இரண்டு அரசுகளின் பணத்தில், தனியார் மருத்துவமனைகளைத் தேடிப் போகிறார்கள். இதை அரசு மருத்துவம் என்பீர்களா, தனியார் மருத்துவம் என்பீர்களா? பணம், கட்டடம், விலை என்று மூன்று வரி வைத்திருந்தால் குழப்பமில்லாமல் எழுதிவிடலாம்.

2,3 என்றால் என்ன

விலை என்ற வரியை நான் சாதாரணமாகத்தான் நினைத்திருந்தேன், ஒரு ஜெர்மன் பில் வரும்வரை. அங்கே தனியார் காப்பீட்டுக்காரர்களுக்கு மருத்துவர் தரும் பில்லில், ஒவ்வொரு வரியிலும் ஒரு குறியீட்டு எண், பக்கத்தில் சிகிச்சையின் பெயர், அப்புறம் ‘2,3’ என்று ஒரு எண். நான் அதை எண்ணிக்கை என்று நினைத்துவிட்டேன். ‘நோயாளியை எப்படி 2.3 முறை பரிசோதிக்க முடியும்? விளக்கம் தேவை’ என்று க்ளெய்மை நிறுத்தி வைத்து ஒரு கடிதமும் அனுப்பினேன். பதில் மிகவும் மரியாதையாக வந்தது. அது பெருக்கும் எண். அரசு வகுத்த அடிப்படைக் கட்டணத்தை மருத்துவர் இத்தனை மடங்கு போட்டுக்கொள்ளலாம், வழக்கமாக 2.3, சிக்கலான கேஸ் என்றால் காரணம் எழுதி 3.5 வரை. புள்ளிக்குப் பதில் கமா போடுவது அவர்கள் வழக்கம்.

அந்தச் சின்னப் பெருக்கல் ஒரு நாட்டின் வரிசையையே விளக்கும். ஜெர்மனியில் 1883-லேயே தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. இன்று பத்தில் ஒன்பது பேர் சட்டபூர்வப் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியவர்களும் சுயதொழில் செய்பவர்களும் அரசு ஊழியர்களும் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். இரண்டு வகை நோயாளிகளும் உட்காருவது ஒரே மருத்துவரின் வரவேற்பறையில்தான். ஆனால் தனியார் காப்பீட்டு நோயாளியால் மருத்துவருக்கு வரும்படி அதிகம். நிபுணரைப் பார்க்க யாருக்கு முதலில் தேதி கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எல்லை தாண்டினால் நெதர்லாந்து. அங்கேயும் முன்பு மூன்றில் ஒருவர் தனியார், மற்றவர்கள் பொது நோய் நிதி என்ற பிரிவு இருந்தது. 2006-ல் அதை எடுத்துவிட்டு, எல்லாரும் தனியார் நிறுவனங்களிடமே அடிப்படைக் காப்பீடு வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எந்த நிறுவனமும் நோயைக் காட்டியோ வயதைக் காட்டியோ யாரையும் மறுக்கக் கூடாது. ஒரே பாலிசிக்கு எல்லாரிடமும் ஒரே தொகைதான். வயது வந்தவர்கள் வருடத்துக்கு முதல் 385 யூரோவைத் தாங்களே கட்ட வேண்டும். குடும்ப மருத்துவரைப் பார்ப்பது அந்தக் கணக்கில் சேராது. என் பழைய அட்டவணையில் ‘அரசு’ என்றிருந்த ஜெர்மனியில் இரண்டு தரத்து நோயாளிகள். ‘தனியார்’ என்றிருந்த நெதர்லாந்தில் அடிப்படைக் காப்பீட்டைப் பொறுத்தவரை ஒரே தரம்.

நான்காவது வரி: பட்டியலில் இல்லாதது

விட்டு வைக்கச் சொன்ன நான்காவது வரி இதற்குத்தான். எது காப்பீட்டுக்குள் வராது, வராத அதை என்ன விலைக்கு விற்கலாம்? ஜப்பானும் கொரியாவும் முதல் மூன்று வரியில் இரட்டைப் பிள்ளைகள்போல இருப்பதைப் பார்த்தோம். நான்காவது வரியில்தான் முகம் வேறாகிறது. ஜப்பானில், சில விதிவிலக்குகள் தவிர, ஒரே நோய்க்குக் காப்பீட்டுச் சிகிச்சையையும் காப்பீட்டில் இல்லாத சிகிச்சையையும் கலந்து தரக் கூடாது. கலந்தால் மொத்த பில்லும் நோயாளி தலையில் விழும். கொரியாவில் கலக்கலாம். பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கு மருத்துவமனை தன் விருப்பம்போல் விலை வைக்கலாம். அதனால்தான் கொரியர்களில் பெரும்பாலோர் தேசியக் காப்பீடு இருந்தும் மேலே ஒரு தனியார் காப்பீடும் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் நோயாளி பொதுவாக 30 விழுக்காடு கட்டினாலும், மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போகாது என்று வருமானத்துக்கேற்ப உச்சவரம்பு இருக்கிறது. ‘30 விழுக்காடு’ என்பதை மட்டும் எழுதி உச்சவரம்பை விட்டுவிட்டால் புற்றுநோயாளியின் கணக்கு தலைகீழாகிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அரசு–தனியார் கோடு ஒரே நாட்டுக்குள்ளும் இடம் மாறும். சிங்கப்பூரில் காய்ச்சல் தலைவலிக்குப் பெரும்பாலும் தனியார் கிளினிக். படுக்கையில் சேர்ந்தால் பெரும்பாலும் பொது மருத்துவமனை. அந்தப் பொது மருத்துவமனைக்குள்ளேயே ஏ, பி, சி என்று வார்டு வகுப்பு உண்டு. வகுப்பு இறங்க இறங்க அரசு மானியம் ஏறும். அதற்கு மேல் 1984-லிருந்து ஒவ்வொருவர் பெயரிலும் மெடிசேவ் என்ற கட்டாயச் சேமிப்புக் கணக்கு. பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போனால், அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான், மீதி வரிப்பணம். 2010-லிருந்து சிங்கப்பூர்க்காரர்கள் மெடிசேவ் பணத்தை மலேசியாவில் அனுமதி பெற்ற சில மருத்துவமனைகளில் செலவழிக்கலாம். இலங்கையில் அரசு மருத்துவரே பணிநேரம் முடிந்ததும் தனியார் இடத்தில் உட்காரலாம். ‘சேனல் பண்ணுவது’ என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். காலையில் அரசு, மாலையில் தனியார், மருத்துவர் ஒருவரே. அவரை எந்தப் பத்தியில் எண்ணுவீர்கள்?

புள்ளிவிவரத்தைத் திறக்கும்போது

ஆட்களை அனுப்பி முடித்தபிறகுதான் புள்ளிவிவரத்துக்குப் போக வேண்டும். முன்பே போனால் எண்களின் கூட்டத்தில் தொலைந்துபோவீர்கள். உலகச் சுகாதார நிறுவனமும், ஓஇசிடி என்ற பணக்கார நாடுகளின் அமைப்பும் நாடுவாரியாகச் சுகாதாரச் செலவுக் கணக்கு வெளியிடுகின்றன. இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் பத்தித் தலைப்பை இரண்டு முறை படியுங்கள்.

ஓஇசிடி அட்டவணையில் ‘அரசு மற்றும் கட்டாயத் திட்டங்கள்’ என்று ஒரு பத்தி இருக்கும். சட்டப்படி கட்டாயம் வாங்க வேண்டிய தனியார் காப்பீடும் அதற்குள் அடங்கும். சுவிட்சர்லாந்தும் நெதர்லாந்தும் அப்படித்தான் அதில் உயர்ந்து நிற்கின்றன. 2014-ல் அமெரிக்காவில் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய பிறகு, அந்நாட்டின் தனியார் காப்பீட்டையும் தூக்கி அதே பத்தியில் வைத்துவிட்டார்கள். விளைவு, அமெரிக்கச் செலவில் 80 விழுக்காட்டுக்கு மேல் ‘அரசு மற்றும் கட்டாயம்’ என்று காட்டும். அரசுகள் தரும் பணத்தை மட்டும் எடுத்தால் பாதியை ஒட்டித்தான் வரும். தலைப்பின் பின்பாதியைப் படிக்காதவர்கள், அமெரிக்கா கனடாவைவிட அதிகமாக அரசு மருத்துவம் நடத்துகிறது என்று கூசாமல் எழுதிவிடுவார்கள்.

அடுத்தது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இத்தனை விழுக்காடு என்ற எண். அமெரிக்கா 17-ஐ ஒட்டி, கனடா 11, 12 என்பதுபோன்ற பெரிய இடைவெளிக்கு அது உதவும். அயர்லாந்தில் அதை நம்பாதீர்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளைக் காகிதத்தில் அங்கே மாற்றியதால் 2015-ல் அந்நாட்டு உற்பத்தி ஒரே வருடத்தில் 26 விழுக்காடு வளர்ந்ததாக அறிவித்தார்கள். ஒரே வருடத்தில் மருத்துவமனைகள் மாறிவிடவில்லை, வகுக்கும் எண்தான் ஊதிவிட்டது. அங்கே அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே அதற்கென உண்டாக்கிய திருத்திய தேசிய வருமானத்தால் வகுக்க வேண்டும்.

கையிலிருந்து கட்டும் பணத்தின் பங்கு எனக்குப் பிடித்த எண். 2002-ல் எல்லாருக்குமான திட்டத்தைத் தொடங்கிய தாய்லாந்தில் அது மொத்தச் செலவில் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. பக்கத்துக் கம்போடியாவில் பாதிக்கும் மேல். இவ்வளவு பெரிய வித்தியாசம் ஏதோ உண்மையைச் சொல்கிறது. சின்ன வித்தியாசமென்றால் ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள். காசில்லாமல் மருத்துவமனைக்கே போகாதவர் இந்தக் கணக்கில் பூஜ்யமாகத்தான் பதிவார். சராசரி ஆயுளை மட்டும் வைத்து எந்த அமைப்பு சிறந்தது என்று தீர்ப்புச் சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. சாலை விபத்தும் புகையும் துப்பாக்கியும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

பில்லின் கனத்தையும் பாருங்கள். இதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. அமெரிக்காவில் குடல்வால் அறுவை செய்துகொண்ட பயணியின் கோப்பு வந்தால் என் மேசையில் நாலைந்து உறை இருக்கும். மருத்துவமனைக்கு ஒன்று, அறுவை மருத்துவருக்கு ஒன்று, மயக்கம் கொடுத்தவருக்கு ஒன்று, ஸ்கேன் படித்தவருக்கு ஒன்று. கடைசி உறை மூன்று மாதம் கழித்து வரும். கனடாவிலிருந்து வரும் கோப்பு அதில் பாதிகூட இருக்காது. உறை கிழிக்கவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் மறுக்கவும் மேல்முறையீட்டைப் படிக்கவும் என்னைப்போல் ஆள் வேண்டும். என் சம்பளமும் அந்த நாட்டின் மருத்துவச் செலவுக்குள்தான் எங்கோ இருந்தது.

தேதி போடுங்கள்

தாளின் மூலையில் அன்றைய தேதியை எழுதுங்கள். அயர்லாந்தின் பொது மருத்துவமனையில் படுக்கைக்கு ஒரு நாளைக்கு 80 யூரோ, வருடத்துக்கு அதிகபட்சம் 800 என்று என் தாளில் இருந்தது. அந்தக் கட்டணத்தை 2023 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். நான் அந்த வருடம் முழுக்கப் பழைய தாளை வைத்தே ஆட்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தேதி இருந்திருந்தால் கேட்டவர்களாவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஒப்பிடப் பழக ஒரு ஜோடி வேண்டுமென்றால் பிரான்சையும் ஸ்பெயினையும் எடுங்கள். பிரான்சில் சமூகக் காப்பீடு. நோயாளி கட்டிவிட்டுத் திரும்பப் பெறும் வழக்கம், மீதிக்கு மேலடுக்குக் காப்பீடு. ஸ்பெயினில் வரிப்பணம், பொது மருத்துவமனையில் பில் கிடையாது. நான்கு வரியையும் நிரப்பிவிட்டு, பிரனீஸ் மலையில் செர்தான்யா பள்ளத்தாக்குக்கு வாருங்கள். பள்ளத்தாக்கின் பாதி பிரான்ஸ், பாதி ஸ்பெயின். பிரெஞ்சுப் பக்கத்தவர்கள் பெரிய மருத்துவமனைக்கு மலைப்பாதையில் பெர்பிஞ்ஞான் வரை போக வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் அது பெரும்பாடு. 2014-ல் ஸ்பெயின் பக்கத்துப் புய்ச்செர்தாவில் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒரு மருத்துவமனை திறந்தார்கள். கட்டுமானச் செலவில் 60 விழுக்காடு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி. இரண்டு நாட்டு ஊழியர்கள் வேலை பார்க்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் தன் காப்பீட்டு அட்டையை நீட்டினால் போதும். மருத்துவத்தைச் சேர்த்துவிட்டார்கள், காகிதம்தான் சண்டை போட்டது. அங்கே பிறக்கும் பிரெஞ்சுக் குழந்தையை எந்த நாட்டில் பதிவது, இறந்தவர் உடலை எல்லை தாண்டி எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் தனித்தனிப் பிரச்சினைகளாக எழுந்தன.

அந்த மருத்துவமனையைத் தாளில் எங்கே எழுதுவதென்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் இரண்டு பத்திக்கும் நடுவில் இருந்த கோட்டை அழிரப்பரால் கொஞ்சம் அழித்து, அந்த இடைவெளியில் எழுதி வைத்திருக்கிறேன்.